எம்பிஏ விண்ணப்பத்தில் எதற்கு மெனக்கெட வேண்டும்?

வெளிநாட்டு எம்பிஏ என்றால் முதலில் ஜிமேட் நுழைவுத் தேர்வை முடித்துவிடுங்கள். மூன்று பிரிவுகள், 2 மணி 15 நிமிடம். மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். சரி, அதிலேயே உழன்றுகொண்டிருக்க வேண்டாம்.

விண்ணப்பத்தோடு உங்களைப் பற்றி எழுதும் கட்டுரைதான் உயிர். என்னிடம் திருத்தக் கொடுக்கும் சென்னை ஓஎம்ஆர் சாலை ஐடி கம்பெனிப் பிள்ளைகள் பலர் ‘தலைமைப் பண்பு மிக்கவன்’ என்றே தொடங்குகிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு பெண், நைட் ஷிப்டில் லேத் நின்றுபோனதும் முரண்டுபிடித்த ஃபோர்மேனைப் பேசிச் சம்மதிக்கவைத்து, வேலையை வேறு மெஷினுக்கு மாற்றியதை எழுதியிருந்தாள். அதில் ஆள் தெரிந்தாள்!

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவிக்காரரைத் தேடாதீர்கள். உங்கள் வேலையை தினமும் பார்க்கும் மேலாளரே போதும். அவருக்கு ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள். அப்புறம், டிரான்ஸ்கிரிப்டுக்கு, அதாவது படிப்பின் முழு மதிப்பெண் சான்றுக்கு, பல்கலைக்கழகத்தில் இப்போதே எழுதிப் போட்டுவிடுங்கள்.