பிரெஞ்சு கற்கும்போது ஆங்கிலம் வழியாகச் சுற்ற வேண்டாம்

பிளஸ் டூவில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்தவர்களும் சரி, மேற்படிப்புக்காகவோ வேலைக்காகவோ பின்னர் கற்கத் தொடங்கியவர்களும் சரி, பெரும்பாலும் ஆங்கில விளக்கத்தின் துணையோடுதான் அந்த மொழிக்குள் நுழைகிறார்கள். வாக்கியத்தை முதலில் ஆங்கிலத்தில் கட்டிவிட்டுச் சொல்லுக்குச் சொல் மாற்றுவதால் பல பிழைகள் வருகின்றன. அந்த இடங்கள் சிலவற்றில் தமிழே நல்ல வழிகாட்டி.

வயதிலேயே இது தொடங்கிவிடும். ஆங்கிலப் பழக்கத்தில் 'இரு' என்னும் பொருள் தரும் 'எத்ர்' வினையைப் போடுகிறார்கள். வயது, பசி, தாகம், பயம், குளிர் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு கேட்பது உடைமையைக் காட்டும் 'அவுவார்' வினையை. 'எனக்கு இருபது வயது', 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குக் குளிர்கிறது' என்று நினைத்துப் பாருங்கள். அந்த 'எனக்கு' வரும் இடத்தில், அவுவாரின் 'நான்' வடிவமான 'ழே' வந்து உட்காரும்.

'மூன்று வருடமாக இங்கே வசிக்கிறேன்' என்பதும் அப்படியே. தமிழைப் போலப் பிரெஞ்சிலும், அந்த 'ஆக'வுக்கு ஈடான 'தெப்புய்' சேர்த்த நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தை நினைத்து இதற்குக் கடந்தகால வடிவம் தேடுவது வீண்வேலை.

அதிகம் குழப்புவது இறந்தகாலம். பிரெஞ்சின் இறந்தகால வடிவங்களில் ஒன்றான 'பாஸே கொம்போஸே' தோற்றத்தில் ஆங்கிலத்தின் நிறைவுகாலத்தைப் போல இருப்பதால், 'நேற்று' என்ற சொல்லோடு அது வராது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். தாராளமாக வரும், அது நம்முடைய 'நேற்று சாப்பிட்டேன்' தான். இன்னொரு இறந்தகால வடிவமான 'எம்பார்ஃபே' என்பது 'சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்'; 'சின்ன வயதில் தினமும் கடற்கரைக்குப் போவேன்' என்னும் வழக்கமும் அதற்குள் அடங்கும். 'மழை பெய்துகொண்டிருந்தது, பஸ் வந்தது' என்றால் மழைக்கு எம்பார்ஃபே, பஸ்ஸுக்குப் பாஸே கொம்போஸே. 'களைப்பாக இருந்தார்' போன்ற நிலைகளில் மட்டும் தமிழ் வடிவம் காட்டிக்கொடுக்காது. பின்னணியைச் சொல்கிறோமா, நடந்து முடிந்ததைச் சொல்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னணி என்றால் எம்பார்ஃபே.

அடுத்தது, பாஸே கொம்போஸேயில் வினைக்கு முன்னால் வரும் துணைவினை எத்ரா, அவுவாரா என்ற சிக்கல். எத்ர் எடுக்கும் வினைகளின் பட்டியலை மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். ஆனால் அவற்றில் சில அவுவாரையும் எடுப்பதைக் கண்டதும் திகைக்கிறார்கள். தன்வினை, பிறவினை படித்தவர்களுக்கு இதில் திகைப்பு எதற்கு? 'மோந்த்தே' என்ற ஒரே வினை, 'ஏறினேன்' என்றால் எத்ருடன் 'ழெ சுய் மோந்த்தே'. பெட்டிகளை 'ஏற்றினேன்' என்றால் அவுவாருடன் 'ழே மோந்த்தே லே வலீஸ்'. இறங்கினேன், இறக்கினேன் என்ற இணைக்கும் இதே கதை. ஒரு விலக்கு உண்டு: 'படிக்கட்டில் இறங்கினேன்' என்பதில் பிரெஞ்சு படிக்கட்டைச் செயப்படுபொருளாக்கிவிடும்; அங்கேயும் அவுவார்தான்.

தமிழ் காலை வாரும் இடங்களும் இருக்கின்றன. 'அவனுடைய அம்மா', 'அவளுடைய அம்மா' இரண்டுமே 'சா மேர்'. அப்பா என்றால் இரண்டுமே 'சோன் பேர்'. உடையவர் ஆணா பெண்ணா என்பது கணக்கில் இல்லை, அடுத்து வரும் பெயர்ச்சொல்லின் பால்தான் கணக்கு. நீ, நீங்கள் வேறுபாடு தெரிந்ததால் 'த்யு', 'வூ' எளிது என்று எண்ணுபவர்களும் கவனிக்க வேண்டும். பிரான்சில் பிள்ளைகள் தந்தையைப் பொதுவாக 'த்யு' என்றே அழைக்கிறார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மேசைக்கும் புத்தகத்துக்கும் பால் சொல்லும் வழக்கத்துக்குத் தமிழும் உதவாது, ஆங்கிலமும் உதவாது. 'சியோன்' என்று முடிபவை பெரும்பாலும் பெண்பால், 'ஆழ்' என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால். இரண்டாவதில் 'பிளாழ்' (கடற்கரை), 'பாழ்' (பக்கம்) போன்ற அன்றாடச் சொற்களே விதியை மீறிப் பெண்பாலாக நிற்கின்றன. பெயர்ச்சொல்லை 'லெ' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) என்ற சுட்டும் முன்சொற்களைச் சேர்த்து மனப்பாடம் செய்வதைவிட, 'ஒரு' என்று பொருள்படும் 'அன்' (ஆண்பால்), 'யூன்' (பெண்பால்) சேர்த்துச் செய்வது நல்லது. உயிரெழுத்தில் தொடங்கும் 'எக்கோல்' (பள்ளி) போன்ற சொல்லின் முன்னால் 'லா' தன் உயிரை இழந்து வெறும் 'ல்' ஆகிவிடும். 'யூன் எக்கோல்' என்றால் பெண்பால் என்பது காதிலேயே விழும்.