கெர்னல் அப்டேட்: ஏற்றினால் மட்டும் போதாது, மறுதொடக்கமும் வேண்டும்

கிருஷ்ணகிரியை அடுத்த மாங்கூழ் ஆலை ஒன்றின் கணக்கறையில், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வர் ஒன்றை நான் பராமரித்து வருகிறேன். பருவக் காலத்தில் பழ லாரிகளின் எடைச்சீட்டுகள் இரவும் பகலும் அதில்தான் பதிவாகும் என்பதால், வாரந்தவறாமல் அப்டேட் போட்டாலும் மறுதொடக்கத்தை மட்டும் தள்ளிப்போட்டு வந்தேன். ஜூலை இறுதியில், ஓடும் கெர்னலின் (இயங்குதளத்தின் மையக்கருவின்) எண்ணைக் காட்டும் ‘யூநேம் -ஆர்’ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது, ஏப்ரலில் ஏற்றிய கெர்னலே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் வந்த கெர்னல் திருத்தங்கள் யாவும் வட்டில் இருந்தன. ஒன்றுகூட நடைமுறைக்கு வரவில்லை.

அப்டேட்டின் வேலை, புதிய கெர்னலை ‘பூட்’ கோப்புறையில் எழுதிவைப்பதோடு முடிந்துவிடுகிறது. நினைவகத்தில் இருப்பது பழையதுதான். கணினி அணைந்து மீண்டும் எழும்போதுதான் புதியது பொறுப்பேற்கும்.

அதுவரை எத்தகைய பாதுகாப்பு ஓட்டை திறந்து கிடக்கக்கூடும் என்பதற்கு ‘டர்ட்டி பைப்’ நல்ல சான்று. கெர்னல் 5.8-இல் நுழைந்த அந்தப் பிழையால், சாதாரணப் பயனர் கணக்கு வைத்திருப்பவரும், தமக்குப் படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பை நினைவகத்திலுள்ள அதன் நகலில் மாற்றி எழுதி, ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரத்தைக் கைப்பற்ற முடிந்தது. 2022 மார்ச்சில் விவரம் வெளியானது, 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகிய பதிப்புகளில் அது அடைக்கப்பட்டது. எடைமேடை ஊழியரின் எளிய கடவுச்சொல் ஒன்று வெளியே தெரிந்தாலே, முழு சர்வரும் பிறர் கைக்குப் போக இப்படி ஓர் ஓட்டை போதும்.

இந்த எண்களை உபுண்டுவின் கெர்னல் எண்ணோடு நேராக ஒப்பிட வேண்டாம். உபுண்டு 22.04-இல் 5.15.0 என்ற எண் அப்படியே நிற்கும். புதிய பதிப்புகளின் திருத்தங்கள் இந்தப் பழைய பதிப்பிலேயே சேர்க்கப்படுவதால், அதையடுத்த சிறுகோட்டுக்குப் (-) பின்வரும் எண்தான் ஏறிக்கொண்டே போகும். கவனிக்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

வேலையைத் தொடங்குமுன் தரவை வேறொரு வட்டில் நகலெடுத்து, யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிய கெர்னலுக்கான தொடக்கக் கோப்பு எழுதப்படும் நேரத்தில் மின்சாரம் போனால் கணினி எழாமல் நின்றுவிடலாம். ‘பூட்’ வட்டின் தனிப் பிரிவாக இருந்தால் ‘டிஎஃப் -எச்’ கொடுத்து இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ பழைய கெர்னல்களை நீக்கித் தரும். பின்னர் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’, அது முடிந்ததும் ‘சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’. இக்கட்டளைகள் அனைத்தையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

மறுதொடக்கத்துக்கு, கடைசி லாரி இறங்கியபின் அடுத்தது வருமுன் கிடைக்கும் பத்து நிமிடத்தை ஆலை மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். ஓடும்போதே திருத்தும் லைவ்பேட்ச் வசதி உண்டு; ஆனால் அது தீவிரமான ஓட்டைகளையே அடைக்கும் என்பதால், மறுதொடக்கத்துக்கு மாற்றாக நான் கொள்வதில்லை.

புதிய கெர்னலில் கணினி எழாவிட்டால் பதற வேண்டாம். தொடங்கும்போது எஸ்கேப் விசையை, பழைய பயாஸ் கணினியானால் ஷிஃப்டை அழுத்தினால், எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாக முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே நுழைந்து, ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ கொடுத்துப் பாதியில் நின்ற வேலையை முடியுங்கள். சரியாக எழுந்துவிட்டால், ‘யூநேம் -ஆர்’ காட்டும் எண்ணைத் தேதியோடு கணக்கறைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த அப்டேட்டின்போது ஒப்பிடுவதற்கு அந்த வரி தேவைப்படும்.