ரெட் ஓக் மரத்தை அடையாளம் காண்பது எப்படி? இலையை மட்டும் நம்பாதீர்கள்

நியூ ஜெர்சி வீட்டு வாசலில் நிற்கும் மரம் எந்த ஓக் என்று உறுதி செய்ய எனக்கு இரண்டு இலையுதிர்காலம் ஆனது. அது நார்தர்ன் ரெட் ஓக். 1950 முதல் இந்த மாநிலத்தின் மரமும் அதுதான்.

முதலில் இலை மடல்களின் (ஓரத்தில் விரல் போலப் பிரிந்து நீளும் பகுதிகளின்) நுனியைப் பாருங்கள். மயிர் போல ஒரு கூர்முனை நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்பு ஓக் வகை. மழுங்கி உருண்டிருந்தால் வெள்ளை ஓக் வகை.

அடுத்ததில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ரெட் ஓக் இலையில் மடல்களுக்கு நடுவே உள்ள வெட்டு, நடுநரம்பை நோக்கிப் பாதித் தூரம்தான் போகும் என்று படித்திருந்தேன். பொறுக்கிய இலைகளில் பலவற்றில் அதைவிட ஆழம். சிவப்பு ஓக் வகையிலேயே வேறு மரங்களான பின் ஓக்கா (Pin Oak), பிளாக் ஓக்கா என்று குழம்பினேன். உச்சியில் வெயிலில் விரியும் இலைக்கு வெட்டு ஆழம்; கீழே நிழலில் வளர்வது அகலமாக, வெட்டு குறைந்து இருக்கும். தரையில் இரண்டும் கலந்து கிடக்கும்.

குழப்பத்தைத் தீர்த்தது கொட்டைதான். ரெட் ஓக் கொட்டை தடித்து, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். தொப்பி தட்டையாக, மேல் கால்பங்கை மட்டும் மூடும். பிளாக் ஓக்கில் தொப்பி கிண்ணம் போலப் பாதிவரை இறங்கும், விளிம்புச் செதில்கள் பிரிந்து நிற்கும். பின் ஓக் கொட்டை சுண்டைக்காய் அளவுதான். கிளையில் மிளகு போலப் பிஞ்சுகள் தெரிந்தால் அவை அடுத்த வருடம் விழப்போகிறவை. ரெட் ஓக் கொட்டை முற்ற இரண்டு பருவம் வேண்டும்.

வளர்ந்த மரத்தின் பட்டையில், வெடிப்புகளுக்கு இடையே வழவழப்பான சாம்பல் கோடுகள் நீளவாக்கில் ஓடும். பனியில் ஸ்கீ போன தடம் போலவே இருக்கும்.

போன் செயலியைவிட, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸையே நான் சிபாரிசு செய்வேன். குளிர்காலத்தில் இலை, கொட்டை எதுவும் இல்லாதபோது கிளை நுனி மொட்டைப் பாருங்கள். ரெட் ஓக் மொட்டு செம்பழுப்பாக மினுங்கும். பிளாக் ஓக் மொட்டில் சாம்பல் நிறப் பூனைமயிர் அடர்ந்திருக்கும்.

பிற்சேர்க்கை: மரத்தடியில் கொட்டையே இல்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நல்ல காய்ப்பு சில வருடங்களுக்கு ஒருமுறைதான். இளமரம் காய்க்கவே சுமார் 25 வருடம் ஆகும். அதுவரை மொட்டை நம்புங்கள்.

மிச்சிகன் வாசகி ஒருவர் கோடையில் கிளை வெட்டலாமா என்று கேட்டார். வேண்டாம். ஓக் வில்ட் என்ற பூஞ்சை நோயைச் சின்ன வண்டுகள் பச்சைக் காயத்துக்குக் கொண்டுவரும்; தொற்றினால் ரெட் ஓக் சில வாரங்களிலேயே பட்டுப்போகும். குளிர்காலத்தில் வெட்டுங்கள்.