உயர் நீதிமன்ற நீதிபதி பதவியை நோக்கிய பாதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர் நீதிமன்ற நீதிபதி ஆவதற்கு எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் கேட்பதுண்டு. அப்படி ஒரு தேர்வு இல்லை. விண்ணப்பப் படிவமும் இல்லை. இந்தியாவில் 10 ஆண்டுகள் நீதித்துறைப் பதவி வகித்திருக்க வேண்டும், அல்லது உயர் நீதிமன்றத்தில் 10 ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அரசியல் சாசனத்தின் 217-ஆவது பிரிவு சொல்லும் தகுதி. அந்தத் தகுதி உடையவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, மதுரை அமர்வையும் சேர்த்து, அனுமதிக்கப்பட்ட இடங்கள் 75 மட்டுமே. தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த மூத்த நீதிபதிகள் இருவரும் அடங்கிய கொலீஜியம்தான் பெயரைப் பரிந்துரைக்கத் தொடங்கும். அந்த மூவர் ஒருவருடைய பெயரை எடுக்கும் நேரத்தில் திருத்திக்கொள்ள முடியாத தவறுகள் பல, அவர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தபோதே நடந்து முடிந்திருக்கும்.

அவற்றுள் பெரியது வயதுக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருப்பது. நீதித்துறையின் முதல் படியான உரிமையியல் நீதிபதி பதவிக்கான தேர்வில் வென்றுவிட்டால் படிப்படியாக உயர் நீதிமன்றம் வரை போய்விடலாம் என்று பலர் நம்புகிறார்கள். மாவட்ட நீதித்துறையில் ஓய்வு வயது 60. உயர் நீதிமன்றத்தில் 62. கீழ்நிலையில் நுழைபவர் முதுநிலை உரிமையியல் நீதிபதியாகி, பிறகு மாவட்ட நீதிபதியாகி, அந்தப் பட்டியலிலும் மூப்பு பெற்று மேலே வருவதற்குள் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி 1958-இல் கேரளத்தில் முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதியாக, சேர்ந்தார். உயர் நீதிமன்ற நீதிபதியானது 1983-இல், 56 வயதில். மாறாக, ஆர்.பானுமதி 1988-இல் தமிழ்நாட்டில் நேரடி நியமனமாகவே மாவட்ட நீதிபதி ஆனார். 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது அவருக்கு 47 வயது. அதனால்தான் ஜார்க்கண்ட் தலைமை நீதிபதியாகி, 2014-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் அளவுக்கு அவருக்குக் காலம் மிச்சமிருந்தது. இருவருமே விதிவிலக்கான திறமைசாலிகள். ஆனால் எந்தப் படியில் நுழைந்தார்கள் என்பது திறமையைப் போலவே கணக்கில் வந்திருக்கிறது.

நேரடி மாவட்ட நீதிபதி நியமனத்துக்கு 7 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். கீழ்நிலைப் பணியில் சேர்ந்துவிட்டால் இந்த வாசல் மூடிவிடும் என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி அது உண்மைதான். ஆனால் 2025 அக்டோபரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை மாற்றி, வழக்கறிஞராகவும் நீதித்துறை அதிகாரியாகவும் சேர்த்து 7 ஆண்டுகள் நிறைவு செய்தவர்களும் போட்டியிடலாம் என்றும், குறைந்தபட்ச வயது 35 என்றும் சொன்னது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பித் திட்டமிடுபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பட்டம் பெற்ற கையோடு உரிமையியல் நீதிபதி தேர்வு எழுதலாம் என்று பயிற்சி மையத்தில் பணம் கட்டுபவர்களும் அப்படியே: 2025 மே மாதத் தீர்ப்பு அந்தத் தேர்வுக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவத்தைக் கட்டாயமாக்கியது. அனுபவம் பார் கவுன்சிலில் வழக்கறிஞராகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்றும் அது சொல்கிறது. பதிவைத் தள்ளிப்போடுபவர் தம் காலத்தைத் தாமே இழக்கிறார்.

வழக்கறிஞர் வழியில் செல்வோர் செய்யும் தவறு வேறு வகையானது. உச்ச நீதிமன்ற கொலீஜியம் வெளியிடும் தீர்மானங்களைப் படித்துப் பார்த்தால், ஒருவரைப் பரிந்துரைக்கும்போது அவர் எத்தனை ஆண்டுகள் தொழில் செய்கிறார், எந்தத் துறையில், அவர் ஆஜரான எத்தனை வழக்குகள் சட்ட இதழ்களில் வெளியாகியுள்ளன, தொழில் வருமானம் எவ்வளவு என்பவை இடம்பெறுவதைக் காணலாம். சீனியர் அலுவலகத்தில் பத்தாண்டுகள் மனுக்களை வரைந்து தந்து, கட்சிக்காரர் வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் தம் பெயரே இல்லாமல் உழைத்தவருக்கு இங்கே காட்ட ஒன்றும் இருக்காது. கட்டணத்தை ரொக்கமாக வாங்கி வருமான வரிக் கணக்கில் குறைத்துக் காட்டியவரும், வரியில் மிச்சம் பிடித்ததாக நினைத்துத் தம் பெயரையே பின்னுக்குத் தள்ளியிருப்பார்.

ஜாமீன் மனுக்களையும் ரிட் மனுக்களையும் மட்டுமே நடத்திப் பெயர் பெற்றவர்கள், மேல்முறையீட்டின் நுட்பத்தைப் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதும் வழக்கம். எந்த நீதிபதி எந்த வகை வழக்கைக் கேட்பார் என்பதைத் தலைமை நீதிபதி தீர்மானிக்கிறார். பதவியேற்ற சில மாதங்களிலேயே இரண்டாம் மேல்முறையீடுகள் (முதல் மேல்முறையீட்டின் தீர்ப்பை எதிர்த்து வரும் உரிமையியல் வழக்குகள்) கட்டுக்கட்டாக வந்து சேரலாம். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவின்படி, அவற்றில் சட்டம் சார்ந்த முக்கியக் கேள்வியை முதலில் வகுத்துக்கொண்டுதான் விசாரிக்க வேண்டும். சாட்சியத்தைப் புதிதாக எடைபோடும் இடம் அதுவன்று. கேள்வியை வகுக்காமலே எழுதப்பட்ட தீர்ப்புகளை உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்ப ரத்து செய்திருக்கிறது. விசாரணை நீதிமன்றத்தில் ஒரு சொத்து வழக்கையாவது தொடக்கம் முதல் இறுதிவரை நடத்தியவருக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும்.

பரிந்துரை வந்துவிட்டதும் பதவி கிடைத்துவிட்டதாக எண்ணி அலுவலகத்தைக் கலைப்பது ஆபத்தானது. மாநில அரசின் கருத்து, உளவுத்துறை அறிக்கை, உச்ச நீதிமன்ற கொலீஜியத்தின் முடிவு, மத்திய அரசின் ஒப்புதல் என்று கோப்பு பல மேசைகளைக் கடக்க வேண்டும். சென்னை வழக்கறிஞர் ஒருவரின் பெயர் 2022 பிப்ரவரியில் பரிந்துரைக்கப்பட்டது. பிரதமரை விமர்சித்த கட்டுரை ஒன்றைச் சமூக ஊடகத்தில் அவர் பகிர்ந்ததை அரசு சுட்டிக்காட்டியது. அது தகுதியைப் பாதிக்காது என்று கூறி 2023 ஜனவரியில் கொலீஜியம் மீண்டும் வலியுறுத்தியும் நியமன ஆணை வரவில்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்; ஆனால் பழைய பதிவுகளும் அந்தக் கோப்பில் ஏறும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆணை வந்த பிறகும், வழக்கறிஞர்கள் பெரும்பாலும் முதலில் கூடுதல் நீதிபதியாகவே நியமிக்கப்படுகிறார்கள். அந்தப் பதவிக்கு 224-ஆவது பிரிவு விதிக்கும் உச்சவரம்பு இரண்டு ஆண்டுகள். நிரந்தரமானவர்களையும் 222-ஆவது பிரிவின்படி வேறு மாநிலத்துக்கு மாற்றலாம். பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதியான ப.சதாசிவம் 2007-இல் சென்னையிலிருந்து பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டவர்தான். பிடிக்காவிட்டால் விலகிப் பழையபடி சென்னையிலேயே வழக்காடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் 220-ஆவது பிரிவைப் படிக்க வேண்டும்: நிரந்தர நீதிபதியாக இருந்தவர், உச்ச நீதிமன்றத்திலும் பிற உயர் நீதிமன்றங்களிலும் தவிர, வேறு எந்த நீதிமன்றத்திலும் தொழில் செய்ய முடியாது.