டிவி நிகழ்ச்சிமீது புகார் எழுதுவது எப்படி? ஒரு கிறிஸ்தவப் பார்வையாளரின் அனுபவம்

ஒரு சீரியலில் குடிகாரன் ஒருவன் திருவிருந்துக் கிண்ணத்தைத் தூக்கி, "இன்னொரு ரவுண்டு ஊத்துங்க" என்றான். பின்னணியில் சிரிப்புச் சத்தம். நாங்கள் முழங்கால்படியிட்டு வாங்கும் கிண்ணம் அது. அன்றிரவே சேனலுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே வரியில் பதில் வந்தது. மறுபடி கீழே உள்ள முறையில் எழுதினேன். முறையான விளக்கம் வந்தது.

முதலில் குறிப்பு. சேனல், நிகழ்ச்சி, தேதி, நேரம். இரவு 8.42 என்று நிமிடம்வரை வேண்டும். பேசிய வார்த்தையை அப்படியே எழுதுங்கள். என்னைக் கேட்டால் டிவி பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் போதும். நினைவிலிருந்து எழுதினால் வார்த்தை மாறிவிடும்; பொய்ச்சாட்சி கூடாது என்ற கட்டளை நமக்கும்தான்.

அடுத்தது விதி. நான் சறுக்கியது இங்கேதான். "மனம் புண்பட்டது" என்று மட்டும் எழுதினால், எந்த விதி மீறப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க் விதிகள் 1994-இல் விதி 6-தான் நிகழ்ச்சி நெறிமுறை. அதில் 6(1)(சி), மதங்களைத் தாக்குவதையும், மதக் குழுக்களை இழிவுபடுத்தும் காட்சியையும் சொல்லையும் தடுக்கிறது. கிண்ணக் காட்சிக்கு இதைத்தான் காட்டினேன். சபையைப் பற்றிய அரைகுறை உண்மை, அவதூறு என்றால் 6(1)(டி). ஒரு போதகர் செய்த தப்பைச் செய்தியில் சரியாகச் சொன்னால் அது எந்த விதியிலும் வராது. நமக்கு வலிக்கும், ஆனாலும் அதற்குப் புகார் எழுதாதீர்கள்.

அப்புறம் சேனலின் குறைதீர்ப்பு முகவரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொன்னால் கையில் சான்று இருக்காது. இந்த கேபிள் விதிகளில் 2021-இல் வந்த திருத்தத்தின்படி 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு தரவேண்டும். தரவில்லை, அல்லது திருப்தி இல்லை என்றால், அடுத்த 15 நாளுக்குள் சேனல் உறுப்பினராக உள்ள சுயஒழுங்கு அமைப்பிடம் (சேனல்கள் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்த வைத்திருக்கும் அமைப்பு) மேல்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் கடைசியாக மத்திய அரசு. ஒப்புகை வந்த மின்னஞ்சலை மட்டும் அழித்துவிடாதீர்கள், ஒவ்வொரு கட்டத்திலும் அதை இணைக்க வேண்டியிருக்கும்.

சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரே கடிதத்தை நூறு பேர் அனுப்புவது எனக்குப் பிடிக்காது. நேரமும் விதியும் குறித்த ஒரு கடிதம் அதைவிட மேல்.

பின்சேர்க்கை: ஓடிடியில் மட்டும் வந்த தொடருக்கு இதே கடிதத்தை அனுப்பலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். வேண்டாம். கேபிள் விதி அங்கே செல்லாது; 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளைக் குறிப்பிட்டு, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். காட்சி வரும் அத்தியாய எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.