‘ஸ்டூவர்ட்’ என்ற பெயரைப் பழைய ஸ்காட்லாந்து பதிவேட்டில் தேடுவது எப்படி?

ஊட்டிப் பக்கம் ஒரு கல்லறைக் கல்லில் பார்த்த பெயர். அந்த ஆளின் ஞானஸ்நானப் பதிவைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. பெயர் ஸ்டூவர்ட். தமிழில் எழுதினால் ஒன்றுதான்; பதிவேட்டில் குறைந்தது நான்கு.

முதலில் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் தேடுங்கள், இலவசம். ஸ்காட்லாந்து அரசின் பதிவேட்டுத் தளமான ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிளில் பதிவுப் பக்கத்தைத் திறக்கக் காசு கட்ட வேண்டும், ஆள் உறுதியான பிறகு அங்கே போனால் போதும். கணக்குத் தொடங்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: எழுத்துக்கூட்டல்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ‘எஸ், டி’க்குப் பிறகு ‘ஈ, டபிள்யூ’ வரும். ‘யூ’ மட்டும் வரும். ‘ஈ, யூ’வும் வரும். சிலருக்குக் கடைசி எழுத்து டைகர் டி (‘டைகர்’ என்ற சொல்லின் முதல் எழுத்து) இல்லை, டாக் டி (‘டாக்’ என்ற சொல்லின் முதல் எழுத்து). மூலச்சொல்லே அந்த டாக் டி வடிவம்தான், பொருள் அரண்மனைக் காரியஸ்தர். அந்தப் பதவியில் இருந்த குடும்பம் 1371-ல் இரண்டாம் ராபர்ட்டோடு ஸ்காட்லாந்து அரியணை ஏறியது. பிரான்ஸில் வளர்ந்த ஸ்காட்லாந்து ராணி மேரியால்தான் ‘யூ’ வடிவம் பரவியது, பிரெஞ்சில் டபிள்யூ புழக்கம் இல்லை. அதற்காக ‘யூ’ போட்டவரெல்லாம் அரச வம்சம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஆளை இரண்டு விதமாக எழுதிய பதிவுகள் உண்டு.

படி 2: சவுண்டெக்ஸ் (ஒலி ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு கொடுக்கும் முறை) வசதி இருந்தால் போடுங்கள். முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்தையும் டபிள்யூவையும் தள்ளிவிட்டு, மீதிக்கு எண் கொடுக்கும். நம் ‘ட’ மாதிரியே அதற்கும் டைகர் டி, டாக் டி இரண்டும் ஒன்று: 3. நான்கு வடிவத்துக்கும் எஸ்363 வரும்.

படி 3: நான் மாட்டிக்கொண்ட இடம் இது. பழைய கையெழுத்தில் டைகர் டி-யின் குறுக்குக்கோடு மங்கியிருந்தது. அட்டவணை தயாரித்தவர் அதை ‘எல்’ என்று படித்துவிட்டார். ‘எல்’லுக்கு எண் 4, அதனால் சவுண்டெக்ஸில் சிக்கவே இல்லை. இங்கே கேள்விக்குறிதான் கைகொடுக்கும்: ஒரு கேள்விக்குறி, ஏதோ ஓர் எழுத்து. ‘எஸ் ? ஈ டபிள்யூ ஏ ஆர் ?’ என்று கொடுத்தேன், ஆள் வந்துவிட்டார். உடுக்குறி (*) எத்தனை எழுத்துக்கும் பொருந்தும். அதை எஸ் பக்கத்திலேயே வைத்தால் சம்பந்தமில்லாத பெயர்கள் குவியும்.

படி 4: பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரிலும் தேடுங்கள். ஸ்காட்லாந்தில் கல்யாணத்துக்குப் பிறகும் பதிவுகளில் அந்தப் பெயர் தொடரும்.

சேர்க்கை: ஒரு வாசகர் தேடிய ஸ்டூவர்ட் அகப்படவே இல்லை. கடைசியில் பார்த்தால் அது நடுப்பெயர். அம்மாவின் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. அதனால் முதல் பெயர்க் கட்டத்திலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.