வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு: குமரி எம்பிஏ மாணவர்கள் புராஜெக்ட் செய்வது எப்படி

"உங்கள் நிறுவனத்தில் சாதி பார்ப்பீர்களா?" என்று மேலாளரிடம் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். அதனால் நேர்க்கேள்வியை விட்டுவிட்டு, இணை விண்ணப்ப முறையைப் படியுங்கள்: தகுதி ஒன்றுபோல உள்ள, பெயர் மட்டும் மாறும் விண்ணப்பங்களை அனுப்பி, யாருக்கு அழைப்பு வருகிறது என்று பார்ப்பது.

மரியன் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பாடம். பாஸ்டன், சிகாகோ நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றுபோல இருக்க, வெள்ளையர் பெயருக்கு 100-க்குச் சுமார் 10 அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயருக்கு ஆறரைதான். இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்விலும் தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது.

இதை அப்படியே நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தால் சரிப்படாது. முதல் காரணம், எண்ணிக்கை. அந்த அமெரிக்க அளவு வித்தியாசத்தைப் பிடிக்கவே ஒவ்வொரு குழுவுக்கும் சுமார் 1,100 விண்ணப்பம் வேண்டும்; நாற்பதை அனுப்பிவிட்டு எதுவும் சொல்ல முடியாது. இரண்டாவது, நம்மில் பெரும்பாலோர் இனிஷியலோடு நிறுத்திக்கொள்கிறோம்; பெயரில் சாதி தெரிவதில்லை. ஊர், தெரு, பங்கு (எந்தத் தேவாலயத்தைச் சேர்ந்தவர்), படித்த பள்ளி இவைதான் காட்டிக்கொடுக்கும். கடற்கரை ஊரா உள்நாட்டு ஊரா என்பது முகவரியிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆய்வில் வருகிறவர்களைச் சாதிச் சான்றிதழை வைத்து மட்டும் பிரிக்காதீர்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். தமிழ்நாட்டில் கிறித்தவரான ஆதிதிராவிடர் பி.சி. பட்டியலில் இருக்கிறார். கிறித்தவர் இவ்வளவு பேர் வாழும் மாவட்டத்தில் அட்டவணையின் "பி.சி." கட்டத்துக்குள் தீண்டாமையை அனுபவித்தவர்களும் கலந்துவிடுவார்கள், வித்தியாசம் மறைந்துபோகும். சமூகத்தை, சொல்ல விரும்புகிறவரிடம் மட்டும், தனியாகக் கேளுங்கள்.

செய்யக்கூடிய வழி இது. ஒரே வேலைக்கு ஒரே தகுதியுள்ள கற்பனை பயோடேட்டா இரண்டு தயாரியுங்கள். முகவரி மட்டும் மாறட்டும். ஆள் எடுக்கும் அனுபவமுள்ள 60 பேரிடம், சீட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று கொடுங்கள். இரண்டையும் ஒருவரிடம் காட்டினால் நோக்கம் புரிந்துவிடும், பதில் கெட்டுவிடும். நேர்காணலுக்கு அழைப்பீர்களா என்று பத்துக்கு மதிப்பெண் வாங்கி, காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். "தூரம்", "செட் ஆகாது" போன்ற சொற்கள் எந்த முகவரிக்கு அதிகம் விழுகின்றன என்று எண்ணுங்கள். மதிப்பெண்ணைவிட அதில்தான் விஷயம் கிடைக்கும்.

தொடங்கும் முன் கல்லூரியின் அனுமதியும் பங்கேற்பவர் ஒப்புதலும் வேண்டும். முடிந்ததும் உண்மை நோக்கத்தை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். நிறுவனப் பெயர் எங்கும் வரக்கூடாது.

பின்னணி அத்தியாயத்தை அமெரிக்காவோடு முடித்துவிடாதீர்கள். நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டமும், அதை ஓரளவு அனுமதித்த 1859 திருவிதாங்கூர் அறிவிப்பும் அங்கே வரவேண்டும். யார் எந்தத் துணி உடுத்தலாம் என்பதை அதிகாரம் தீர்மானித்த கதை, யாரை வேலைக்கு எடுக்கலாம் என்ற இந்தக் கேள்வியோடு சேர்ந்ததுதான்.

முகவரிக்கு 30 பேர் என்றால், மதிப்பெண்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) சுமார் 2 என்று கொண்டால், சராசரி மதிப்பெண்ணில் ஏறத்தாழ ஒன்றரை வித்தியாசம் இருந்தால்தான் உறுதியாகப் பிடிபடும். அதற்குக் குறைந்தால் "பாகுபாடு இல்லை" என்று எழுதாதீர்கள். "இந்த எண்ணிக்கையில் கண்டறிய முடியவில்லை" என்று எழுதுங்கள்.